குருதி கூறும் சாட்சியம்

இம்மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலராசிரியர் பணித்தபோது, கல்லூரி அன்னையின் பழம்பெருமையை எடுத்துரைக்குமாறே கேட்கின்றார் என எண்ணினேன். அப்பணியைச் செவ்வனே செய்யவல்லார் பலர் இம்மலரிலே எழுதுகின்றனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆதலின், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய பழைய மாணவன் ஒருவன், தான் அறிந்த துறையிலே நின்று ஒரு கருத்தைக் கூறுதல் தகும் எனத் துணிந்தேன். வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் விளங்கும் பழைய மாணவர், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், நாளை அத்துறைகளிற் புகவிருக்கும் மாணவர் ஆகிய முத்திறத்தாரும் ஒருங்கே படிக்கும் ஏடு இதுபோற் பிறிதொன்று இல்லை.

மேல்வகுப்பிலே சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பாடங்கேட்ட காலத்தில், எம் ஆசிரியர் கண்ணகியின் கற்பின் திறத்தையே பெரிதும் விதந்து கூறுவார். வழக்குரைக்கும் தொழிலிற் புகுந்தபின் அக்காதையை மீண்டும் படித்தபோது வேறொன்று என் கண்ணிற் பட்டது. அரசியின் சிலம்பிலே இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலே இருந்த பரல் மாணிக்கம். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்தால் ஒரு கணத்திலே முடிந்துவிடும் சோதனை அது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் அச்சோதனையைச் செய்யவில்லை. கள்வன் எனப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை வினவவுமில்லை. சோதனை நிகழ்ந்தது, கோவலன் வெட்டுண்டு கிடந்த பின்னரே.

பரலை உடைத்துப் பார்ப்பதற்கு ஒப்பான சோதனையொன்று நம் காலத்து நீதிமன்றங்களுக்குக் கிடைத்துள்ளது. டி.என்.ஏ. சோதனை என்றும் மரபணுச் சோதனை என்றும் அதனைச் சொல்லுவர். குற்றவாளியைப் பிடித்துத் தருதற்கே அச்சோதனை உள்ளது எனப் பொதுமக்கள் கருதுகின்றனர். அதனினும் பெரிய பயன் ஒன்று அதனால் விளைந்தது என்பது என் கருத்து. குற்றஞ் செய்யாதவனும் ‘நானே செய்தேன்’ என்று ஒப்புக்கொள்வான் என்ற உண்மையை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது அச்சோதனையே. அந்த உண்மையை நம் நாட்டார் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

யான் தொழில் தொடங்கிய நாளிலே இரத்தக் கறை என்பது மிகவும் ஊமையான சாட்சி. கறை மனித இரத்தமா விலங்கின் இரத்தமா என்று பகுப்பாய்வாளர் கூறுவார். அதிட்டமிருப்பின் இன்ன இரத்தப் பிரிவு என்றும் கூறுவார். கொலை வழக்கொன்றிலே எதிரியின் சாரத்தில் இருந்த கறை ‘ஓ’ பிரிவு என்றும், இறந்தவரும் ‘ஓ’ பிரிவு என்றும் அறிக்கை வந்தது. வழக்குத் தொடுநர் அதனைப் பெருமுழக்கத்துடன் எடுத்துரைத்தார். இந்நாட்டிலே மிகப் பலர் அப்பிரிவினரே, எதிரியும் அப்பிரிவு, வழக்கை விசாரித்த நீதிபதியும் அப்பிரிவே என்று பின்னர் அவர் வாயாலேயே அறிந்தேன்.

டி.என்.ஏ. என்பது யாது? நம் உடம்பின் கலங்களிலே கரு உண்டு. கருவினுள் நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றிலே முறுக்கிய ஏணி போன்று நீண்டு கிடக்கும் பொருளே அது. அதன் வடிவை வாற்சனும் கிறிக்கும் 1953 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட நெடுஞ்சுவடியாக அதனை எண்ணிக்கொள்ளலாம். சுவடியின் பெரும்பகுதி எல்லா மனிதர்க்கும் ஒன்றே. ஆயினும் சிற்சில இடங்களிலே ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். அத்தொடர் ஒருவரிடம் 8 முறை வரும். மற்றொருவரிடம் 12 முறை வரும். தாயிடமிருந்து ஓர் எண்ணும் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் பிள்ளைக்குக் கிடைக்கும். அத்தகைய இடங்கள் பலவற்றை ஒருங்கே எடுத்து எண்ணின், இருவர்க்கு எல்லா எண்களும் ஒத்து வருதல் மிக மிக அரிது. ஒரு கருவிற் பிறந்த இரட்டையர் மட்டும் விலக்கு. அமெரிக்கர் முதலில் 13 இடங்களை ஒப்பிட்டனர். 2017 முதல் 20 இடங்களை ஒப்பிடுகின்றனர். மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்று: இரத்தத்துக்கு நிறந்தரும் செங்குழியங்களிலே கருவில்லை. இரத்தக் கறையிலே பேசுவன வெண்குழியங்களே.

இவ்வேறுபாட்டைக் கொண்டு ஆளை அடையாளங் காணலாம் என்பதை 1984 செப்டெம்பரிலே கண்டவர் இங்கிலாந்தின் லெஸ்ரர் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலெக் ஜெவ்ரிஸ். நம் கிழக்குக் கரையிலே இதன் பெயர் பரவியது 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர். கல்முனை வைத்தியசாலையிலே 81 ஆம் இலக்கத்திட்டுக் காக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் யாவர் என்பதை நீதிமன்றம் இச்சோதனையாலேயே 2005 பெப்ரவரியிலே துணிந்தது. அது மகிழ்ச்சியான வழக்கு. நாம் பேச எடுத்துக்கொண்டவை அத்தகையன அல்ல.

லெஸ்ரருக்கு அணித்தான சிற்றூர்களிலே 1983 இலும் 1986 இலும் பதினைந்து வயதுப் பெண்கள் இருவர் கெடுத்துக் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் பிடிபட்டான். இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டையும் அவனே செய்தான் என நிறுவ விரும்பிய பொலிஸார் ஜெவ்ரிசை நாடினர். அவர் ஆராய்ந்து கூறிய விடை அவர்களைத் திகைக்கச் செய்தது. இரண்டையும் செய்தவன் ஒருவனே; ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன். உலகிலே கொலை வழக்கொன்றில் டி.என்.ஏ. செய்த முதற்பணி ஒரு குற்றமற்றவனை விடுவித்தமையே என்பதை நாம் மறத்தல் ஆகாது. உண்மைக் கொலைஞன் பின்னரே அகப்பட்டான். அயலூர் ஆடவர் ஏறத்தாழ 5,000 பேரிடம் இரத்தமும் உமிழ்நீரும் பெற்றுச் சோதித்தனர், எவருடையதும் பொருந்தவில்லை. தன் பெயரிலே இரத்தம் கொடுக்குமாறு ஒரு வெதுப்பகத் தொழிலாளி தன்னுடன் வேலைசெய்த மற்றொருவனை ஏவியிருந்தான். அவ்விரகசியம் மதுச்சாலையொன்றிலே வாய்தவறி வெளிவந்தது. 1988 சனவரியிலே அவனுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. சோதனை எவ்வளவு நுண்ணியதாயினும் குற்றவாளியை வெளிப்படுத்தியது ஒரு மனிதனின் வாயும், அதனைக் கேட்டவள் ஒருத்தியின் மனச்சாட்சியுமே.

இவ்வழக்கைப் பற்றி எழுதப்பட்ட நூலொன்று அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து மேரிலாந்துச் சிறைக்கூடமொன்றுக்குச் சென்றது. அங்கே நூலகப் பணிபுரிந்த கைதி கேர்க் பிளட்ஸ்வேர்த் அதனைப் படித்தார். ஒன்பது வயதுச் சிறுமியைக் கொன்றதாகக் குற்றங்காணப்பட்டு 1985 ஆம் ஆண்டிலே மரண தண்டனை பெற்றவர் அவர். அவருக்கு மாறாகச் சாட்சி சொன்னோர் ஒருவர் இருவர் அல்லர், ஐவர். மறுவிசாரணையிலே தண்டனை ஆயுட்சிறையாக மாறிற்று. ‘இரத்தத்தாற் குற்றத்தை நிறுவலாமெனில் குற்றமின்மையையும் நிறுவலாமே’ என்று அவர் எண்ணினார். சான்றுப் பொருள்கள் அழிந்தன என்றே முதலிற் கருதப்பட்டது. ஈற்றில் அவை நீதிபதியின் அறையிலே ஒரு காகிதப் பையிற் கிடந்தன. சோதனை அவரை 1993 ஆம் ஆண்டிலே விடுவித்தது. மரண தண்டனை பெற்ற அமெரிக்கருள் இவ்வாறு மீண்டவர் அவரே முதல்வர். பத்து ஆண்டுகளின் பின், 2003 இலே உண்மைக் கொலைஞன் யாரென டி.என்.ஏ. காட்டிற்று. வேறொரு குற்றத்துக்காக அதே சிறையிலே, அவர் இருந்த மாடிக்குக் கீழ்மாடியிலே இருந்தவன் அவன்.

1989 முதல் 2020 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டிலே டி.என்.ஏ. சோதனையாற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர் 375 பேர் எனக் கணக்கிட்டுள்ளனர். அவருள் 21 பேர் மரண தண்டனைக் கைதிகளாய் இருந்தவர். நூற்றுக்கு 69 வழக்குகளிலே கண்ணாற் கண்டவர் ஆளைத் தவறாகக் காட்டியிருந்தனர். நூற்றுக்கு 29 வழக்குகளிலே பொய்யான குற்றவொப்புதல் இருந்தது. இந்த 29 என்ற எண்ணை வாசகர் சற்று நின்று நோக்கவேண்டும். ‘செய்யாதவன் ஏன் செய்தேன் என்பான்?’ என்று வழக்குத் தொடுநர் யூரிமாரைப் பார்த்து வினவுவதை எத்தனை முறையோ கேட்டிருக்கின்றேன். அவ்வினாவுக்கு ஒருவரும் விடைகூற இயலாது என்பதே அவர்களது துணிவு. உறக்கமின்மை, அச்சம், அடி, ‘ஒப்புக்கொண்டால் வீடு போகலாம்’ என்னும் பொய்வாக்கு, இளமை, அறிவு மயக்கம் என்பனவே அதற்கு விடை.

நம் நாட்டிலும் அதே பாடம் நடத்தப்பட்டது. 2015 செப்டெம்பரிலே கொட்டதெனியாவ என்னும் ஊரில், இரவிலே வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்ட சிறுமி ஒருத்தி கொலையுண்டு கிடந்தாள். நாடே கொதித்தது. பாடசாலை மாணவன் ஒருவனும் குழந்தைகளுக்குத் தந்தையான ஒருவரும் கைதாயினர். தம்மை அடித்துத் துன்புறுத்தினர் என அவர்கள் முறையிட்டனர். டி.என்.ஏ. ஒவ்வாமையால் அவர்கள் விடுதலையாயினர். பின்னர் வேறொருவர் அகப்பட்டார்; அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைகள் பெரிய எழுத்திலே அறிவித்தன. அவருடைய டி.என்.ஏ.யும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய உடன்பிறந்தவருடையது. 2016 மார்ச்சிலே நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்த உடன்பிறந்தவருக்கு மரண தண்டனை விதித்தது. சோதனை இல்லாதொழிந்திருப்பின் முதற் பிடிபட்ட மாணவனின் நிலை யாதாகும்? அன்று தெருவிலே நின்று தூக்குக் கயிறு கேட்டோருள் எத்தனை பேர் அதனை எண்ணினர்? 1976 ஆம் ஆண்டிற்குப் பின் இந்நாட்டிலே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல். அக்கருத்திலே என்னோடு மாறுபடும் நண்பர் பலர் உளர்.

நம் முன்னோர் இவ்விடரை அறியாதவர் அல்லர். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்றவொப்புதலை எதிரிக்கு மாறாக நிறுவலாகாது என்று 25 ஆம் பிரிவிலே தெளிவாக விதித்தது. ‘எதிரி கூறிய இடத்திற் பொருள் கண்டெடுக்கப்பட்டது’ என்ற சாளரம் ஒன்று 27 ஆம் பிரிவிலே உண்டு. அதன் வழியே நுழைந்த பொய்களைப் பற்றி வேறொரு கட்டுரையே எழுதலாம். எனினும் பெருங்கதவு மூடியே இருந்தது. அக்கதவைத் திறந்தது 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் முன் செய்த ஒப்புதலை அச்சட்டம் சான்றாக ஏற்கச் செய்தது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிறுவும் பொறுப்பையும் எதிரியின் தலையிலேயே சுமத்தியது. அறைக்குள் நடந்ததைச் சிறைப்பட்டவன் எவ்வாறு நிறுவுவான்? தமிழ் மட்டுமே அறிந்த இளைஞர் ஒருவர், சிங்களத்திலே பொறிக்கப்பட்ட ஒப்புதலொன்றிற்குக் கைவிரல் அடையாளம் இட்டிருந்தார். வேறு சான்றின்றி, அதனையே கொண்டு 1995 ஆம் ஆண்டிலே 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலே அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இலே முடிவு கூறிற்று.

இத்தகைய வழக்கிலே சோதிப்பதற்கு இரத்தமும் இல்லை, மயிரிழையும் இல்லை. டி.என்.ஏ. நேரே உதவாது. ஆயினும் கறையுள்ள வழக்குகளிலே அது கற்பித்த பாடம் கறையில்லாத வழக்குகளுக்கும் உரியதே. சோதிக்கத்தக்க வழக்குகளிலே இத்தனை ஒப்புதல்கள் பொய்த்தனவெனில், சோதிக்க இயலாத வழக்குகளிலே உள்ள ஒப்புதல்கள் மட்டும் மெய்யாமோ? நீதிபதிகளாக வீற்றிருக்கும் நம் பழைய மாணவர் இவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும் என்பது என் பணிவான விண்ணப்பம்.

இவ்வளவும் கூறியபின், டி.என்.ஏ.யைத் தெய்வவாக்காகக் கொள்வாரையும் எச்சரித்தல் என் கடன். ‘இவனல்லன்’ என்று அது கூறும்போது பெரிதும் நம்பலாம். ‘இவனே’ என்று கூறும்போது, இவனுடைய கலம் அங்கே கிடந்தது என்பதே அதன் பொருள்; அது எப்போது, எவ்வாறு அங்கு வந்தது என்பதைச் சோதனை அறியாது.

ஜேர்மனி நாட்டார் கண்ட பேயின் கதையைக் கேளுங்கள். 1993 முதலாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பிரான்சிலும் நாற்பது வரையான குற்ற இடங்களிலே ஒரே பெண்ணின் டி.என்.ஏ. அகப்பட்டது. கிழவியொருத்தியின் கொலையிலும் அவள். சில்லறைத் திருட்டிலும் அவள். 2007 இலே கைல்புரொன் நகரிலே பொலிஸ் மங்கை ஒருத்தி சுடப்பட்ட இடத்திலும் அவள். அவளைக் காட்டித் தருவோர்க்கு 3 இலட்சம் யூரோ பரிசு அறிவித்தனர். 2009 இலே, இறந்த ஆடவர் ஒருவரின் கைவிரற் பதிவுத் தாளிலும் அவளுடைய டி.என்.ஏ. வெளிப்படவே பேயின் வேடம் கலைந்தது. மாதிரிகளைத் துடைத்தெடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையிலே பொதிசெய்த பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவையே. ஆனால் கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.யை அழிப்பதில்லை. பொலிஸ் மங்கையைக் கொன்றவர் புதிய நாசிக் கூட்டத்தினர் என்பது 2011 இலேதான் தெரியவந்தது. இல்லாத பெண்ணைத் தேடிய காலமெல்லாம் அவர்கள் வெளியே உலாவினர்.

கலிபோர்னியாவிலே 2012 இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கொலையுண்டவரின் நகக்கண்ணிலே ஓர் ஏழையின் டி.என்.ஏ. இருந்தது. அவர் ஏறத்தாழ ஐந்து மாதம் விளக்கமறியலிற் கிடந்தார். கொலை நடந்த இரவு அவர் குடிமயக்கத்திலே வைத்தியசாலையிற் கிடந்தமையை அவருடைய சட்டத்தரணி பதிவேடுகளாற் கண்டறிந்தார். மாலையிலே அவரைத் தூக்கிச் சென்ற அதே நோயாளர் வண்டி ஊழியர் இருவர், சில மணி நேரங்கழித்துக் கொலையுண்டவரிடமும் சென்றிருந்தனர். அவர்களோடு அவருடைய கலங்களும் சென்றுவிட்டன.

எண்களாலும் மயங்குவர். மாதிரி சிதைந்தபோதும் பலருடையது கலந்தபோதும் முழுமையான ஒப்பீடு வாய்ப்பதில்லை. ‘பத்து இலட்சத்தில் ஒருவர்க்கே இவ்வாறு பொருந்தும்’ என்று நிபுணர் அப்போது கூறினால், எதிரி குற்றமற்றவனாய் இருப்பதற்குப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு எனக் கேட்போர் கொள்வர். அது பிழை. ஏறத்தாழ 2 கோடி மக்கள் வாழும் இந்நாட்டிலே அத்தகையோர் 20 பேர் இருப்பர் என்பதே அதன் பொருள். எதிரி அவ்விருபதின்மருள் ஒருவன். மற்றைய பத்தொன்பதின்மரை விலக்க வேறு சான்று வேண்டும். இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்று 1990 களிலே இப்பிழை நுழைந்த தீர்ப்புக்களைத் திருத்தியிருக்கின்றது. கணித ஆசிரியர் இதனை வகுப்பிலே ஒரு பயிற்சியாகக் கொடுத்தல் நன்று. சட்டக் கல்லூரியிலே எமக்கு எவரும் கற்பிக்கவில்லை.

வைத்திய நண்பர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். நனைந்த உடையை அவ்வாறே பொலித்தீன் பையிலிட்டுக் கட்டினால், நம் நாட்டு வெப்பத்திலே சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துச் சான்று கெடும். நிழலிலே உலர்த்திக் காகிதப் பையிலிடல் வேண்டும். இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. பிளட்ஸ்வேர்த்தின் உயிர் மீண்டதும் ஒரு காகிதப் பையினாலன்றோ! வழக்கு முடிந்தபின்னும் தண்டனை நீடிக்கும் வரை அப்பைகளைக் காத்தல் வேண்டும். தண்டனை பெற்றவன் கேட்கின் மறுசோதனைக்குக் கொடுத்தல் வேண்டும்.

செலவுள்ள காரியம் வேறொன்று. அரச தரப்பு நிபுணரின் அறிக்கையைப் படித்து விளங்கிக் குறுக்குக் கேள்வி கேட்பதற்கு, எதிரியின் சட்டத்தரணிக்கும் ஒரு நிபுணர் வேண்டும். கூலிவேலை செய்பவனின் மகன் குற்றக் கூண்டிலே நிற்கும்போது அந்நிபுணருக்கு யார் பணங் கொடுப்பது? நம் பழைய மாணவர் சங்கத்திலே சட்டத்தரணிகளும் உளர். உயிரியல் விஞ்ஞானிகளும் உளர். வெளிநாடுகளிலே ஆய்வுகூடங்களிற் பணிபுரிவோரும் உளர். ஏழை எதிரிகளுக்காக இவ்வறிக்கைகளை இலவசமாகப் படித்துக் கருத்துக் கூறும் சிறு குழுவொன்றை விழா ஆண்டிலேயே சங்கம் அமைக்கலாம். மறுசோதனைச் செலவுக்கு ஒரு நிதியும் தொடங்கலாம். இதனைச் செயற்குழுவுக்கு எழுத்திலே அறிவித்துள்ளேன். நிதிக்கு என் பங்கையும் இம்மலர் அச்சேறுமுன்னரே பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.